சீசாவுக்குள் காற்று, டம்ளருக்குள் இனிப்பு: வீட்டில் இஞ்சி சோடா அடைக்கும் வழி

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை இரவில், கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு அட்டாலியில் வைத்திருந்த இஞ்சி சோடா சீசா ஒன்று வெடித்தது. கதவை ஓங்கி அறைந்த மாதிரி ஒரு சத்தம். காலையில் ஏறிப் பார்த்தால், பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் சாக்கைக் கிழித்துக்கொண்டு கண்ணாடிச் சில்லு உள்ளே இறங்கியிருந்தது. 25 கிலோ அரிசியையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. ஆள் யாரும் அங்கே படுத்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. அன்று நான் செய்த தப்பு ஒன்றுதான். வெல்லப்பாகைக் கண்ணளவில் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டேன்.

இத்தனைக்கும் அளந்து போடுவது எப்படி என்று எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கார் கொட்டகையில் பீர் காய்ச்சுவார். அந்த நாட்டில் 1963 முதல் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை. புளித்து முடிந்த பீரில் நுரை இருக்காது, சப்பென்று இருக்கும். அதை அடைக்கும்போது லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சர்க்கரையை நிறுத்துச் சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காற்றாக்கும், மூடி போட்ட சீசாவில் அந்தக் காற்று போக வழியில்லாமல் திரவத்துக்குள்ளேயே கரைந்து நிற்கும். இதற்குப் பெயர் ப்ரைமிங். பெரியவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு தராசு. அவ்வளவுதான்.

சரி, ஊருக்கு வந்ததும் நாமும் பீர் காய்ச்சலாமா என்றால், கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1937-இல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியதே நம் சேலம் மாவட்டத்தில்தான், அக்டோபர் 1-ஆம் தேதி. அந்தச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆகவே பெரியவர் கற்றுக் கொடுத்த வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்த போதையில்லாத சோடாவை அதே முறையில் அடைக்கிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு பீர் அடைப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், அவர்களுக்கு வேண்டியதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் சர்க்கரைக் கணக்கு

எங்கள் அம்மிச்சி தெளுவைப் பற்றி, அதாவது பதநீரைப் பற்றிச் சொல்வது நினைவிருக்கிறது. "முட்டியில சுண்ணாம்பு தடவுனாத் தெளுவு, தடவாட்டிக் கள்ளு. அவ்வளவுதான் கண்ணு." பனைமரத்தில் கட்டும் முட்டிப் பானையில் இறங்குவது இரண்டுக்கும் ஒரே சாறுதான். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை வேலை செய்ய விடாது. அது இல்லையென்றால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே போதும், பொழுது ஏறுவதற்குள் பொங்கிவிடும். ஈஸ்டுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சர்க்கரை தீர வேண்டும், அல்லது அதற்கு ஒத்துக்கொள்ளாத நிலைமை வர வேண்டும்.

1 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கரியமிலக் காற்றும் அரை கிராம் மதுவும் வரும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போட்டால் 3 கிராம் காற்று. சாதாரண அழுத்தத்தில் அது ஒன்றரை லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் சோடாவுக்குள் ஒன்றரை லிட்டர் காற்று அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரில் இது இரண்டரை லிட்டர் அளவுக்கு இருக்கும், கடையில் விற்கும் கோலாவில் அதைவிடவும் அதிகம். ஆக நம்முடையது மென்மையான சோடா. நாக்கில் சுருக்கென்று குத்தும், மூக்கில் ஏறாது.

இந்த 6 கிராமில் வரும் மது 3 கிராம். இஞ்சியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் துளிச் சர்க்கரையைச் சேர்த்தாலும் அரை சதவீதத்துக்குள் நிற்கும். 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்கின்றன. ஆனாலும் துளி இருக்கிறது என்பது உண்மை. ஒரு சொட்டும் வேண்டாம் என்று நோன்போ மருந்தோ இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். விருந்தாளிக்கு நீட்டும்போதும் இது புளிக்க வைத்தது என்று சொல்லிவிட்டே கொடுங்கள்.

இப்போது என் அட்டாலிச் சீசாவுக்கு வருவோம். அதில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் வெல்லம் இருந்திருக்கும், சோடா இனிக்க வேண்டும் அல்லவா. அத்தனையும் காற்றானால் நம் ஊர் வெயிலில் உள்ளே வரும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல ஏழெட்டு மடங்கு. எந்தச் சீசாவும் தாங்காது. 6 கிராம் என்றால், முழுதும் புளித்து முடிந்தாலும் 30 டிகிரி வெயிலில் கார் டயரை விடக் குறைவான அழுத்தம்தான்.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதில்தான் இருக்கிறது. சீசாவுக்குள் காற்றுக்கு வேண்டிய சர்க்கரையை மட்டும் போடுங்கள். நாக்குக்கு வேண்டிய இனிப்பைக் குடிக்கும்போது டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடுவதால்தான் வெடிக்கிறது.

வேண்டிய சாமான்

4 லிட்டருக்குச் சொல்கிறேன். இஞ்சி 120 கிராம், எலுமிச்சை 4, உப்பு அரைக் கரண்டி, வெள்ளைச் சர்க்கரை அல்லது நாட்டுச் சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. பாத்திரம் எவர்சில்வரில் இருக்கட்டும், எலுமிச்சைப் புளிப்புக்கு அலுமினியமும் பித்தளையும் ஆகாது. ஒரு புனல், ஒரு வேட்டித் துணி, மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. சிரிஞ்ச் எதற்கு என்று பிறகு தெரியும், அதை விட்டுவிடாதீர்கள்.

நாட்டுச் சர்க்கரை என்றால் நமக்குக் கவுந்தப்பாடி இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரையும் அங்கிருந்து போவதுதான். ஈஸ்டுக்கு வெறும் சர்க்கரையை விட இது பிடிக்கும், அதில் இருக்கும் தாதுச் சத்து அதற்கு உரம் மாதிரி. ஆனால் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ராஸ் போட்டு வெளுத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கந்தகச் சேர்மம் மிச்சமிருந்தால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். அழுக்குப் பழுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதே நல்லது.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை. திருப்பூர், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் செய்தால் சோடா முழுக்க அந்தக் கரிப்புதான் தெரியும். குடிதண்ணீர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், குளோரின் வாசம் போய்விடும்.

எந்தச் சீசா

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கண்ணாடியைச் சொல்லமாட்டேன். முதல் நான்கைந்து தடவை பிளாஸ்டிக்கில் அடையுங்கள். ஆனால் எந்தப் பிளாஸ்டிக் என்பதில் விஷயம் இருக்கிறது. ஒரு கோலா பாட்டிலையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். கோலா பாட்டிலின் அடியில் பூ விரிந்த மாதிரி ஐந்து கால் புடைத்துக்கொண்டு இருக்கும். அழுத்தம் தாங்குவதற்கென்றே அந்த வடிவம். தண்ணீர் பாட்டிலின் அடி கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும், சுவரும் மெல்லிசு. அதில் காற்று சேர்ந்தால் அடி பிதுங்கி, நிற்காமல் உருளும். ஐந்து கால் உள்ளதையே எடுங்கள். மூடியின் உள்பக்க ரப்பர் நைந்திருந்தால் காற்று நிற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குப் போகும்போது 650 மி.லி. பீர் சீசா நல்லது, அழுத்தம் தாங்கச் செய்தது. பழைய சாமான் கடையில் கிடைக்கும். வாய் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், துளி சில்லு பெயர்ந்திருந்தாலும் தள்ளிவிடுங்கள். தேன் பாட்டில், ஸ்குவாஷ் பாட்டில், பிராந்திப் பாட்டில், சதுரமானது, தட்டையானது எதுவும் வேண்டாம். பீர் சீசாவுக்குத் தகர மூடியும் அதை அழுத்தும் இரண்டு கைப்பிடிக் கருவியும் வேண்டும், இணையத்தில் வாங்கலாம். சுத்தியலால் தட்டி மூடுகிற கருவியும் விற்கிறார்கள். அதைத் தொடாதீர்கள், ஒரு தட்டு பிசகினால் சீசாவின் கழுத்து கையில் வந்துவிடும்.

கோலி சோடா சீசாவில் அடைக்கலாமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய சீசா அது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. நம் முறையில் அடைக்கும் நேரத்தில் உள்ளே காற்றே கிடையாது, அது வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கோலி கீழே கிடக்கும், வாய் திறந்தே இருக்கும். ஆகவே முடியாது.

சுத்தம்

கண்ணாடிச் சீசாவைக் கழுவி, இட்லிப் பானையில் கவிழ்த்து 15 நிமிடம் ஆவியில் வைத்து, அப்படியே ஆறவிடுங்கள். உடனே குளிர்ந்த தரையில் வைத்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக்கை ஆவியில் வைத்தால் சுருங்கிக் கோணலாகிவிடும். அதற்கு வாசனை சேர்க்காத பிளீச் திரவம் லிட்டருக்கு 5 மி.லி. கலந்து 15 நிமிடம் ஊறவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ கழிவறை கழுவும் ஆசிடோ சேரவே கூடாது, நச்சுக் காற்று வரும். புனல், சிரிஞ்ச், மூடி, கரண்டி எல்லாவற்றுக்கும் இதே சுத்தம்.

பாகு: இதில்தான் நிதானம் வேண்டும்

ஒவ்வொரு சீசாவுக்கும் தேக்கரண்டியால் சர்க்கரை போடுவது பலரும் செய்கிற வேலை. தேக்கரண்டி நம்ப முடியாதது. குவித்து எடுத்தால் ஒரு அளவு, தட்டி எடுத்தால் வேறு அளவு, நாட்டுச் சர்க்கரை ஈரமாக இருந்தால் இன்னொரு அளவு. ஒரே தடவை செய்த ஆறு சீசாவில் ஒன்று சப்பென்றும் இன்னொன்று பொங்கிக்கொண்டும் இருப்பது இதனால்தான்.

வீட்டில் கிராம் தராசு இல்லையென்றால் மளிகைக் கடைக்குப் போய், "அண்ணா, வெள்ளச் சக்கரை 60 கிராம் சரியா நிறுத்துக் குடுங்க" என்று கேளுங்கள். எலெக்ட்ரானிக் தராசு வந்தபிறகு எந்தக் கடையிலும் 60 கிராம் நிறுக்க முடியும். நாட்டுச் சர்க்கரை என்றால் 70 கிராம் வாங்குங்கள், அதில் ஈரமும் மற்றதும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் கூட வேண்டும்.

அந்தப் பொட்டலத்தை ஒரு சிறு போசியில் கொட்டி, அரை டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, கரைந்து ஒரு கொதி வரும்வரை சூடாக்குங்கள். நாட்டுச் சர்க்கரையில் மண்ணும் தூசியும் இருக்கும், துணியில் வடிகட்டிவிடுங்கள். பிறகு அளவுக் கோடு போட்ட குழந்தைப் பால் பாட்டிலிலோ மருந்துப் பாட்டிலிலோ ஊற்றி, கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்து மொத்தத்தையும் சரியாக 100 மி.லி.க்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பாகில் 10 மி.லி. என்பது ஒரு லிட்டர் சோடாவுக்கு உரிய சர்க்கரை. சிரிஞ்ச் இதற்குத்தான். 1 லிட்டர் பாட்டிலுக்கு 10 மி.லி., 650-க்கு 6.5 மி.லி., 500-க்கு 5 மி.லி., சின்ன 300-க்கு 3 மி.லி. எந்த அளவுச் சீசாவாக இருந்தாலும் நூறால் வகுத்தால் போதும். காலிச் சீசாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் விட்டுக்கொண்டே போங்கள். விட்ட சீசாவை ஒரு சாண் தள்ளி வைத்துவிடுங்கள், பேச்சுக் கவனத்தில் ஒரே சீசாவுக்கு இரண்டு தடவை விட்டுவிடுவது சுலபம். 4 லிட்டருக்கு 40 மி.லி. போக மிச்சப் பாகு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.

இந்தச் சிரிஞ்ச் முறைக்கு வந்தபிறகு ஒரு சீசாவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. ஆயிரம் ரூபாய்க் கருவி எதுவும் செய்யாத வேலையைப் பத்து ரூபாய்ச் சாமான் செய்கிறது.

இஞ்சிச் சாறும் ஈஸ்ட்டும்

இஞ்சியைத் தோல் சீவி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மண்டி படியும். இஞ்சிச் சாற்றின் வெள்ளையை உள்ளுக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது மாவுச்சத்து, சோடாவைக் கலங்கலாக்கும். மேலே தெளிந்ததை மட்டும் நிதானமாகச் சாய்த்து எடுங்கள். அதை 2 லிட்டர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு இறக்கி, ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து மொத்தம் 4 லிட்டர் ஆக்குங்கள்.

நன்றாக ஆற வேண்டும். உள்ளங்கையை வெளிப்பக்கம் வைத்தால் சூடு தெரியக் கூடாது. 50 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துப்போகும். ஆறியபிறகு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, கொட்டையில்லாமல் வடிகட்டிச் சேருங்கள். ருசிக்கு மட்டும் இது வேண்டும் என்பதில்லை. புளிப்பு இருந்தால்தான் கெட்ட கிருமி அண்டாது, ஈஸ்ட்டோ அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும். எலுமிச்சை விலை ஏறிவிட்டது என்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள்.

கால் தேக்கரண்டி ஈஸ்டை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் தூவி, பத்து நிமிடம் கழித்துக் கலக்கி, பாத்திரத்தில் ஊற்றிக் கிளறுங்கள். அதிகம் போட்டால் காற்று கூடாது, பன் வாசம்தான் கூடும். இஞ்சியையும் சர்க்கரையையும் தினமும் போட்டு வளர்க்கும் இயற்கை ஈஸ்ட்டில் செய்பவர்களும் இருக்கிறார்கள், ருசி அருமையாக இருக்கும். ஆனால் அந்தக் கலவையோடு எவ்வளவு சர்க்கரை உள்ளே போகிறது என்று அளக்க முடியாது, ஆகவே முதலில் அது வேண்டாம்.

பிறகு புனல் வைத்து, பாகு விட்ட சீசாக்களில் ஊற்றுங்கள். ஒவ்வொரு சீசாவுக்கும் முன்னால் பாத்திரத்தை ஒரு தடவை கிளறுங்கள், ஈஸ்ட் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, இரண்டு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் பாகு கலந்துவிடும். தேதியை எழுதி ஒட்டுங்கள்.

காத்திருக்கும் நாட்கள்

கண்ணாடியில் அடைத்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு சீசாவாவது பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாடி சொல்லாது, பிளாஸ்டிக் சொல்லும். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போமே, அதேபோல் காலையிலும் பொழுதோடும் அதை அமுக்கிப் பாருங்கள். முதல் நாள் விரல் உள்ளே போகும். இரண்டாம் நாள் எதிர்த்துத் தள்ளும். காற்றடித்த டயர் மாதிரி விரல் இறங்காமல் நின்றால் சோடா ஆகிவிட்டது. நம் ஊரில் 30 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். ஏற்காட்டிலோ குன்னூரிலோ மார்கழியில் அடைத்தால் இரண்டு வாரம்கூட ஆகும், அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு, வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் பரவாயில்லை. ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரையில் 40 டிகிரி தொடும். அங்கே அட்டாலி, மொட்டை மாடி அறை, அடுப்பு மேடை எதுவும் வேண்டாம். தரையோடு இருட்டான மூலையில், மூடி போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஈரச் சாக்குப் போடுங்கள். கண்ணாடிச் சீசா எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், குழந்தைகள் கைபடாத இடத்தில்.

காற்று நிறைந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி இரண்டு நாள் விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில்தான் காற்று நன்றாகக் கரையும். சூடாக இருக்கும்போது திறந்தால் நுரையாகப் பொங்கித் தரையில் போய்விடும், மிச்சம் சப்பென்று இருக்கும். குளிர்ந்ததைத் திறந்து, சாய்த்து, ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு விரல் மண்டியைச் சீசாவிலேயே விட்டுவிடுங்கள். அது ஈஸ்ட். குடித்தால் கெடுதல் இல்லை, சிலருக்கு வயிறு உப்பும்.

இனிப்பைத் தூளாகப் போடாதீர்கள். சர்க்கரைத் துகள் பட்ட இடமெல்லாம் காற்று கிளம்பி டம்ளர் வழியும். நன்னாரிப் பாகோ கருப்பட்டிப் பாகோ இரண்டு கரண்டி முதலில் டம்ளரில் விட்டு, அதன்மேல் சோடாவை ஓரமாக இறக்குங்கள். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் உப்பும் சீரகத்தூளும் போட்டுக் குடிக்கலாம், கறிச்சோறு சாப்பிட்டபிறகு அதைவிட வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

சீசாவிலேயே இனிப்பு இருந்தால்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: பிளாஸ்டிக்கில் மட்டும் செய்யுங்கள், கல் மாதிரி ஆன அந்த நிமிடமே குளிரில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் குடித்து முடியுங்கள். மின்சாரம் நாள் முழுக்க நின்றுபோனால் ஈஸ்ட் திரும்ப விழித்துக்கொள்ளும், அப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். இனிப்பு குறையக் குறைய மதுவும் கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரியாக வராவிட்டால்

ஐந்து நாளாகியும் பிளாஸ்டிக் மெத்தென்றே இருந்தால், முதலில் மூடியைப் பாருங்கள். தண்ணீருக்குள் கவிழ்த்து அமுக்கினால் குமிழ் வருகிறதா என்று தெரிந்துவிடும். மூடி சரி என்றால் ஈஸ்ட் பழசாக இருக்கும், அல்லது சூட்டில் போட்டிருப்பீர்கள். புது ஈஸ்டைத் துளி கரைத்து ஒவ்வொரு சீசாவிலும் சில சொட்டு விட்டு மூடுங்கள். அந்த நேரத்தில் சர்க்கரையை மட்டும் கூட்டவே கூட்டாதீர்கள். முன்பு போட்டதும் உள்ளே அப்படியே இருக்கிறது, ஈஸ்ட் உயிர் பெற்றால் இரண்டும் சேர்ந்து காற்றாகும்.

அளந்து போட்டும் பொங்கி வழிந்தால் சுத்தத்தில் குறை, வேறு கிருமி உள்ளே போயிருக்கிறது. மேலே ஆடை கட்டியிருந்தாலோ, பூசணம் தெரிந்தாலோ, காடி வாசம் வந்தாலோ ருசி பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் பீர் அடைப்பவர்களுக்கு

நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டும். பீரில் ஏற்கெனவே கரைந்த காற்று கொஞ்சம் இருப்பதால் லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் கடைப் பீர் அளவுக்கு நுரை வரும். குளுக்கோஸ் தூள் என்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், புளிப்பது முற்றிலும் நின்றிருக்க வேண்டும். குமிழ் நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது. அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் ஒரே அளவு காட்ட வேண்டும். அது ஒன்றை மட்டும் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சோடாவுக்குப் புனல் போதும், பீருக்கு ஆகாது. தளதளவென்று ஊற்றினால் வெளிக்காற்று கலந்து ஈர அட்டை மாதிரி ஒரு ருசி வந்துவிடும். அதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்கிற வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு ஏற்ற புதுக் குழாயில் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையைப் பீருக்குள் மண்டிக்கு நாலு விரல் மேலே வைத்து, இன்னொன்றைத் தாழ இறக்கித் திறந்தால் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம், வாய்க் கிருமி போதும் அத்தனையையும் புளிக்க வைக்க. முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய பாகு இருக்கும் வாளிக்குள் குழாயை அடிவரை விட்டு நிரப்புங்கள், சுழன்று தானே கலக்கும். நுரை கிளம்பாமல் ஒரு தடவை மெல்லக் கிளறிவிட்டு, அதே குழாயால் சீசாக்களில் அடிமட்டத்தில் இருந்து நிரப்பி மூடுங்கள். 20 டிகிரி அறையில் இரண்டு வாரம். அங்கேயும் ஒரு பிளாஸ்டிக் சீசா கூடவே இருக்கட்டும்.